கடலோரத்தில் ஓர் இரவு யாருக்கு?

கொழும்பிலிருந்து வடக்கே வரும் வீதி புத்தளம் நகரைத் தொடுவதற்குச் சற்று முன்னால், பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் ஒரு பாதை பிரிகிறது. உப்பளங்களைத் தாண்டி, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியையும் மாம்புரிக் காற்றாலைகளையும் கடந்து, வெங்காயமும் மிளகாயும் விளையும் மணல் தோட்டங்களுக்கு ஊடாக அது கற்பிட்டியில் போய் முடிகிறது. வலப்பக்கம் களப்பு, இடப்பக்கம் திறந்த கடல், நடுவே மணல். டொல்பின் பார்க்கவும் ஒல்லாந்தர் கோட்டையைச் சுற்றவும் கடலில் கால் நனைக்கவும் வருகிறவர்களுக்குப் பகலில் இந்தக் கரை திறந்தே கிடக்கிறது. பொழுது சாய்ந்ததும் கதை மாறிவிடுகிறது. கப்பலடி, கண்டக்குளி, ஆலங்குடாப் பக்கங்களில் கபானாக்களும் கூடாரங்களும் நிறையவே உண்டு. ஆனால் பெயர்பெற்றவை எல்லாம் தனியாருடையவை. கைட் சர்ஃபிங்குக்கு வரும் வெளிநாட்டவரின் கையைப் பார்த்து விலை வைத்தவை. புத்தளத்தில் கடை வைத்திருப்பவரோ குருநாகலில் ஆசிரியராக இருப்பவரோ பிள்ளைகளோடு வந்து கடலோரத்தில் ஓர் இரவு படுத்தெழும்ப நினைத்தால் எங்கே போவது? அரசின் பொறுப்பில், சிறு கட்டணத்தில், பஸ்ஸில் வந்திறங்கும் குடும்பமும் கூடாரம் அடித்துத் தங்கக்கூடிய ஒரு பொதுத் திடல் கற்பிட்டிக்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அது ஏழைக்கு இரங்கிச் செய்யும் உபகாரமாக இருக்கவேண்டியதில்லை. இந்த மண்ணின் இயல்பே அதைத்தான் கேட்கிறது.

கற்பிட்டிக்குக் கூடாரம் புதிதல்ல என்பதிலிருந்து தொடங்கலாம். களப்பின் வாய்க்கு வெளியே வடக்கு நோக்கிச் சிதறிக் கிடக்கும் தீவுகளில், பத்தலங்குண்டு உட்படப் பலவற்றில், பருவத்துக்குப் பருவம் நீர்கொழும்பு, சிலாபம் பக்கங்களிலிருந்து மீனவர்கள் வந்து வாடி போடுகிறார்கள். நாலு கம்பு, கிடுகு, தண்ணீருக்குக் கான்கள், கருவாடு காயவைக்கப் பாய். மீன் இருக்கும்வரை இருப்பார்கள். காற்று மாறினால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வரும்போது கரை ஓரிரு அடி இடம்பெயர்ந்திருக்கும். வாடியும் அதற்கேற்ப நகர்ந்துகொள்ளும். இன்னோர் உதாரணம் குடாநாட்டின் கடற்பக்கத்திலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலம். மார்ச்சிலும் ஜூலை, ஆகஸ்ட் ஒட்டியும் ஆண்டுக்கு இரு பெருவிழாக்கள். தமிழரும் சிங்களவருமாக நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வரும் யாத்திரிகர் கூட்டத்தில் ஒரு பெரும் பங்கு, ஆலயத்தைச் சுற்றியுள்ள மரங்களுக்குக் கீழே தற்காலிகக் குடிசைகளிலும் கூடாரங்களிலும் நாள்கணக்கில் தங்குகிறது. அடுப்பு மூட்டி, சோறாக்கி, பிள்ளையைத் தூங்கவைத்து, விடியற்காலைப் பூசைக்குப் போவார்கள். இதற்கு யாரும் சுற்றுலா என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் இந்த மணலில் குடும்பத்தோடு வெளியே படுப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மண்ணின் இயல்பு என்றேன். அதைச் சற்று விளக்கவேண்டும். மற்ற வாதங்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. கற்பிட்டியில் ஆறு கிடையாது. குடிநீரும் தோட்ட நீரும் மணலுக்குக் கீழேயுள்ள மழைநீரிலிருந்துதான் வருகின்றன. மழை மணலில் இறங்கி, ஏற்கெனவே அங்கே ஊறியிருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்நீரைவிடச் சற்று இலேசானது: ஒன்றின் அடர்த்தி 1.000 என்றால் மற்றதினுடையது சுமார் 1.025. இந்தச் சிறு வித்தியாசம்தான் குடாநாட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருக்கிறது. ஒல்லாந்துப் பொறியியலாளர் பாடன் கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குச் சற்றுப் பின்னரும் தனித்தனியே கண்டறிந்த விதி ஒன்று உண்டு. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஒரு மீற்றர் மேலே நின்றால், அதன் அடிப்பகுதி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 40 மீற்றர் கீழே வரை இறங்கும். இதைத் திருப்பிப் படித்தால்தான் பயம் தெரியும். பம்ப் போட்டு இறைத்து மேல் மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும். அது கணக்கு, களத்தில் மணலின் ஆழத்தையும் அடுக்கையும் பொறுத்து வேறுபடும். ஆனால் போக்கு அதுதான். கடற்கரை ஓரமாகக் கிணறு தோண்டி நீச்சல் தடாகம் நிரப்பும் ஒவ்வொரு விடுதியும் பக்கத்துத் தோட்டக்காரரின் கிணற்றிலிருந்துதான் அள்ளுகிறது. மேலிருந்து வரும் ஆபத்தும் உண்டு. மணல் நீரில் கரைந்த எதையும் வடிகட்டி வைத்துக்கொள்வதில்லை. தோட்டங்களுக்கு அள்ளிப் போடும் யூரியாவின் நைத்திரேற்று நேரே கிணற்றுக்கு இறங்குவதை 1980களின் இறுதியிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் கற்பிட்டியில் அபூர்வமல்ல. மலக்குழியும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஆகவே இங்கே ஒரு விடுதியை எடைபோடும்போது கேட்கவேண்டிய முதற் கேள்வி அறை எத்தனை நட்சத்திரம் என்பதாக இருக்க முடியாது. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு எத்தனை வாளி தண்ணீர், போகிற கழிவு எங்கே இறங்குகிறது என்பதைத்தான் கேட்கவேண்டும். கூடாரத்தில் தங்குகிறவர் தினமும் படுக்கை விரிப்பு மாற்றச் சொல்வதில்லை, குளியல் தொட்டி கேட்பதில்லை. கானில் கொண்டுவந்த தண்ணீரில் சமைத்து, பொதுக் குழாயடியில் உடம்பு கழுவிக்கொள்கிறார். அவருக்கு வேண்டியதெல்லாம் அடி பூசி மூடிய தொட்டியோடு கூடிய மலசலகூடமும், அதை முறையாக உறிஞ்சிச் செல்ல பிரதேச சபையின் பவுசரும். நிலத்தில் தோண்டிய குழி வேண்டவே வேண்டாம். இது ஒன்றைச் சரியாகச் செய்யாத கூடாரத் திடல் ஹோட்டலைவிட மோசமானது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெரிய கட்டடம் கட்டும் வழியை நாடு முயன்று பார்க்காமலில்லை. போர் முடியும் காலத்தை ஒட்டிச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கற்பிட்டி ஒருங்கிணைந்த உல்லாச விடுதித் திட்டத்தை முன்வைத்தது. 14 தீவுகளை உள்ளடக்கி, மாலைதீவுப் பாணியில் நினைக்கப்பட்ட திட்டம். வரைபடத்தில் நீச்சல் தடாகங்களும் படகுத் துறைகளும் வந்தன. தீவுகளில் வாடி போட்டிருந்தவர்களுக்குக் கரை மறிக்கப்படுமோ என்ற அச்சம் வந்தது. மீனவர் அமைப்புகள் எதிர்த்தன, காணி தொடர்பான தகராறுகள் கிளம்பின, திட்டம் நினைத்த பருமனில் எழவே இல்லை. திட்டம் தோற்றதற்கு முதலீட்டுச் சூழலைக் காரணம் சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு உருமாறும் மணற்கரையில், மிதக்கும் நன்னீர்ப் படலத்தின் மேல், நகர முடியாத கட்டடங்களை நிறுத்துவது முதலீட்டாளர் கிடைத்திருந்தாலும் சிக்கலாகவே இருந்திருக்கும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயமாக்கி, அங்கே அனுமதியின்றிக் கட்டக்கூடாது என்று வைத்ததற்குக் கரை இப்படி உருமாறுவதும் ஒரு காரணம்.

ஹோட்டல் வந்தால் பொடியன்களுக்கு வேலை கிடைக்கும், கூடாரம் வந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பது நியாயமான எதிர்வாதம். வரவேற்பு மேசை, சமையற்கட்டு, துப்புரவு என்று ஒரு விடுதி கொடுக்கும் மாதச் சம்பளத்தைக் கூடாரத் திடல் கொடுக்காது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் விடுதிக்குள் தங்குகிறவர் மூன்று வேளையும் விடுதிக்குள்ளேயே சாப்பிடுகிறார். கூடாரக்காரர் ரொட்டிக்கு ஊர்க் கடைக்கு வரவேண்டும், மீனுக்குக் கரைக்கு வரவேண்டும், விறகுக்கும் ஐஸுக்கும் யாரையாவது கேட்கவேண்டும். கடலுக்குப் போக மீனவரின் படகைத்தான் பிடிக்கவேண்டும். அந்தப் பணம் சிறு சிறு தாள்களாகப் பல வீடுகளுக்குப் போகிறது. பெரிய முதலீடு இல்லாமலே ஊர்க்காரர் அதில் கைவைக்க முடிகிறது. இரண்டில் எது கூடுதல் என்று ஒரே தராசில் நிறுக்க முடியாது. எது பரவலாகப் போகிறது என்று கேட்டால் பதில் சிரமமில்லை.

அரசுக்கு இதை நடத்தத் தெரியுமா என்ற சந்தேகத்துக்கு விடை களப்புக்கு வடகிழக்கிலேயே இருக்கிறது. புத்தளத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில் தொடங்கும் வில்பத்து, சுமார் 1,317 சதுர கிலோமீற்றர் பரப்போடு நாட்டின் மிகப்பெரிய தேசிய பூங்கா. 1905இல் சரணாலயம், 1938இல் தேசிய பூங்கா. மழைநீர் தேங்கும் வில்லுகளுக்கு மட்டுமல்ல, ஆதிச்சநல்லூரோடு ஒப்பிட்டுப் பேசப்படும் பொம்பரிப்புத் தாழி அடக்கங்களுக்கும் அது வீடு. போர் அதைப் பல ஆண்டுகள் மூடிவைத்தது. 1988 முதல் 2003 வரை ஒரு முறை. 2006 மே மாதம் கண்ணிவெடியில் எழுத்தாளர் நிஹால் டி சில்வா உட்பட ஒரு ஜீப்பில் சென்றோர் கொல்லப்பட்ட பிறகு மீண்டும், 2010 வரை. அந்தக் காட்டுக்குள்ளேயே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் கூடாரத் தளங்களை நடத்துகிறது. முன்பதிவு, குறித்த தளம், ஒரு தளத்துக்கு ஒரு குழு, கூடவே திணைக்களத்தின் ஆள், கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவது. யானையும் கரடியும் சிறுத்தையும் உலவும் இடத்தில் இந்த ஒழுங்கு சாத்தியமென்றால், மிஞ்சிப்போனால் கழுதை வந்து ரொட்டிப் பையை இழுக்கும் கற்பிட்டியில் ஏன் முடியாது? வில்பத்துவே போதும் என்றும் சொல்ல முடியாது. அங்கே ஜீப் இல்லாமல் அசைய முடியாது; கட்டணமும் ஜீப் வாடகையும் சேர்ந்தால் ஒரு சம்பளக்காரக் குடும்பத்தின் எல்லையைத் தாண்டிவிடும். காட்டு விலங்கின் நலனுக்கு அந்த வேலி வேண்டும். பொதுமக்களின் ஓய்வுக்கு, நகரத்துக்கு அருகே, வேலி தாழ்ந்த இன்னோர் இடம் வேண்டும்.

அமெரிக்காவில் மாநிலப் பூங்காக்கள் என்ற ஏற்பாடு வளர்ந்தது இந்த இடைவெளியில்தான். நியூயோர்க் நகரத்துக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள பெயார் மலையில் ஒரு சிறைச்சாலையைக் கொண்டுபோய் வைக்க மாநில அரசு நினைத்திருந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. 1910இல் ஹரிமன் குடும்பம் சிறைத் திட்டத்தைக் கைவிடவேண்டும் என்ற நிபந்தனையோடு 10,000 ஏக்கர் நிலத்தையும் பத்து இலட்சம் டொலரையும் கொடுத்தது. சில ஆண்டுகளில் மன்ஹட்டனிலிருந்து நீராவிப் படகுகளில் நெரிசல் குடியிருப்புகளின் மக்கள் அங்கே வந்திறங்கினார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கான கோடைக் கூடாரங்கள் எழுந்தன. பிறகு 1930களின் பொருளாதார வீழ்ச்சியில், ரூஸ்வெல்ட் அரசு வேலையற்ற இளைஞர்களைத் திரட்டி நாடெங்கும் நூற்றுக்கணக்கான மாநிலப் பூங்காக்களில் பாதையும் கூடாரத் தளமும் அடுப்பு மேடையும் அமைத்தது. பணமில்லாத காலத்தில் கட்டியவை அவை என்பதை, பணமில்லை என்று சொல்லும் நம்மவர்கள் கவனிக்கலாம். ஓய்வு என்பது பணக்காரருக்கு மட்டும் உரிய சரக்கு, மற்றவருக்கு வேலை கொடுத்தால் போதும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஹோட்டல் வேலைவாய்ப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர், அந்த வேலை செய்பவர் தன் விடுமுறையை எங்கே கழிப்பார் என்று கேட்பதில்லை.

இனிக் குப்பையும் குடியும். கூடாரத்துக்கு எதிராக வரும் எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். கேட்பவர் கற்பனை செய்து கேட்கவில்லை. நம் கடற்கரைகளில் விடுமுறைக்கு மறுநாள் கிடக்கும் போத்தல், லஞ்ச் ஷீற், தெர்மோகோல் பெட்டி எல்லாருக்கும் தெரியும். இதே பிரச்சினை ஸ்கொட்லாந்தில் எழுந்த விதத்தைப் பார்க்கலாம். அங்கே 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு எங்கும் நடக்கவும் கூடாரம் அடிக்கவும் எல்லாருக்கும் உரிமை கொடுத்தது. கிளாஸ்கோ நகரத்திலிருந்து சிறிது நேரப் பயணத்தில் எட்டக்கூடிய லோமண்ட் ஏரிக்கரை அந்த உரிமையின் பாரத்தைத் தாங்கவில்லை. வார இறுதிக் குடி, வெட்டிய மரங்கள், விட்டுப்போன கூடாரங்கள் என்று உள்ளூரார் கொதித்தார்கள். 2011இல் கிழக்குக் கரைக்குக் கட்டுப்பாடு வந்தது; 2017இல் அந்த ஏரியை உள்ளடக்கிய தேசிய பூங்காவின் வேறு பல கரைகளுக்கு மார்ச் முதல் செப்டெம்பர் வரை அனுமதிச் சீட்டு முறை வந்தது. சிறு கட்டணம், எண்ணிக்கைக்கு வரம்பு, ரோந்துக்கு ஆள். உரிமை பறிபோகிறது என்று மலையேறிகளின் அமைப்புகள் கண்டித்தன. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அங்கேயும் கூடாரத்தை ஒரேயடியாகத் தடைசெய்யவில்லை. நகரத்துக்கு அருகேயுள்ள கரை தானாகச் சுத்தமாக இருக்காது. காசும் ஆளும் கணக்கும் வேண்டும். கற்பிட்டியில் இன்று இருப்பது அந்த மூன்றும் இல்லாத நிலை. ரகசியமாக அடிக்கும் கூடாரத்துக்குக் குப்பைத்தொட்டியும் கிடையாது, பதிவேடும் கிடையாது. பதிவேடு இல்லாத இடத்தில்தான் பொலிஸுக்கும் வேலை அதிகம்.

கரைவலைக்காரர்களின் கவலை இதைவிடக் கனமானது. வலை வளைத்துக் கயிறு இழுக்கும் கரை வெறும் மணல்வெளி போலத் தெரியலாம். அது பாட்டுரிமையுள்ள தொழிலிடம். விடியற்காலை முப்பது நாற்பது பேர் கயிறு பிடிக்கும் பாதையில் வண்ணக் கூடாரம் ஒன்று நின்றால் சண்டைதான் வரும். தீவுகளுக்கும் இதே கணக்கு. அங்கே தண்ணீர் படகில் போகிறது; ஒரு சுற்றுலாக் கூட்டம் போனால் வாடிக்காரரின் தண்ணீரையும் இடத்தையும் பங்கு கேட்கும். ஆகவே தீவுகளை விட்டுவிடவேண்டும். கரைவலைப் பாடுகளையும் வள்ளம் ஏற்றும் இடங்களையும் விட்டுவிடவேண்டும். முன்மணல் மேடுகளையும் விடவேண்டும்: இராவணன் மீசையும் அடும்பும் வேரால் பிடித்து வைத்திருக்கும் அந்த மேடு உடைந்தால் காற்று மணலைத் தோட்டத்துக்குள் கொட்டும். மிஞ்சுவது பஸ் பாதைக்கும் கரைக்கும் இடைப்பட்ட, மேட்டுக்குப் பின்னாலுள்ள தென்னை நிழல். கூடாரம் அடிக்க அதுவே வசதியானதும்கூட. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் கைட் சர்ஃபிங்காரர் வருகிறார்கள். அதே காற்று திறந்த கரையில் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். புல்தரைக்குச் செய்த ஒல்லிக் கம்பி முளைகள் இந்த மணலில் நிற்கா. சீனிச் சாக்கில் மணலை நிரப்பிக் கயிறு கட்டி ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால்தான் பிடிக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. டொல்பினுக்கும் 1992இல் கடல்சார் சரணாலயமாக்கப்பட்ட பார் பவளப்பாறைக்கும் போகிற காலம் அது. 1998இலும் 2016இலும் சூடேறிய கடலில் வெளுத்த பாறை அது. அங்கே படகு நங்கூரத்தைப் பற்றிக் கவலைப்படுவது கூடாரத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட அவசரம்.

இன்னொரு தயக்கம் இருக்கிறது; சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில்தான் வந்து ஒதுங்கினார்கள். மன்னார்க் கரையிலிருந்து படகேறியவர்கள் கற்பிட்டியில் கால்வைத்தார்கள். கிடுகுக் கொட்டிலில் ஓரிரு மாதம் என்று நினைத்தது ஆண்டுக்கணக்காயிற்று. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே வேறு வழியின்றி இருந்தவர்களுக்கு, காசு கொடுத்துத் துணிக்கூரைக்குக் கீழே படுப்பது வேடிக்கையாகவோ வேதனையாகவோ தெரிந்தால் அதில் பிழை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தக் கொட்டில்களைத் தாங்கமுடியாததாக்கியது கூரையின் மெல்லிசு மட்டுமில்லை. தண்ணீர் வரிசை, மலசலகூடப் பற்றாக்குறை, திரும்பிப் போக முடியாமை. விரும்பி வந்து மறுநாள் வீடு திரும்புகிறவரின் இரவை அதோடு ஒப்பிட முடியாது. திடலின் கடை, காவல், துப்புரவு வேலைகளில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பது பற்றி மட்டும் பேசலாம்.

யார் நடத்துவது என்ற கேள்விக்குத் திணைக்களங்கள் ஒன்றையொன்று கைகாட்டும் என்பது தெரிந்ததுதான். கரை ஒரு திணைக்களத்துக்கு, மரம் இன்னொன்றுக்கு, காணி பிரதேச செயலகத்துக்கு, குப்பை பிரதேச சபைக்கு, படகு மீன்பிடித் திணைக்களத்துக்கு. இதைக் காட்டி முடியாது என்று சொல்கிறவர்கள் தலவிலவை ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். பெருவிழாக் காலத்தில் மாவட்டச் செயலகம் கூட்டம் கூட்டுகிறது. தண்ணீர் பவுசர் வருகிறது, தற்காலிக மலசலகூடங்கள் வருகின்றன, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சாப்பாட்டுக் கடைகளைப் பார்க்கிறார்கள், பொலிஸும் கடற்படையும் நிற்கின்றன, ஆலய நிர்வாகம் இடம் பிரித்துக் கொடுக்கிறது. இலட்சக்கணக்கானோர் மணலில் படுத்தெழும்பிப் போகிறார்கள். அதே அலுவலகங்கள், அதே அதிகாரிகள், அதே மணல். ஐம்பது கூடாரத்துக்கு ஒரு தென்னந்தோப்பும், நான்கு தொட்டி மலசலகூடங்களும், ஒரு பதிவேடும், அதை வைத்திருக்க ஓர் ஆளும் கேட்பது அதில் நூறில் ஒரு பங்கு வேலைகூட இல்லை.